தாம்பூலம் மாற்றிய கோட்பாடு

இன்று காலை ஒன்பதரை மணி நிலவரப்படி உறுதியான செய்தி இதுதான்: வேப்பந்தாங்கல் கிணற்று நீரின் ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை. மாதிரிப் புட்டிகள் ஆய்வகத்துக்குச் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டன; பரிசோதனை தொடங்கியிருக்கிறது. இதைச் சொன்னவர் உதவிப் பேராசிரியர் தேவிப்ரியா. அவர் ஆய்வகத்தோடு தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "முடிவு வந்துவிட்டது, அம்மா ஜெயித்துவிட்டார்" என்று நேற்று மாலையிலிருந்து கைப்பேசிகளில் சுற்றும் தகவல் உண்மையல்ல. நாம் திறந்துவைக்கப்போகும் படத்தில் இருப்பவர் இதைத்தான் முதலில் சொல்லச் சொல்லியிருப்பார் என்பதால், வணக்கத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவைத் தலைவர் வெற்றிவேல் அவர்களே, அம்மையாரின் மகள் இசைவாணி அவர்களே, நைனார்பாளையத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, கல்வராயன் மலையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து இறங்கிவந்திருக்கும் பெரியோர்களே, வேப்பந்தாங்கல் ஊர் மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியர் அம்சவள்ளி அம்மையார் நைனார்பாளையத்தில் உழவர் வீட்டில் பிறந்தவர். அரசுக் கல்லூரிகளில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இந்த மலையடிவாரத்துக்கு வந்தவர், போகவில்லை. இந்த மாவட்டத்தில் செய்தி சேகரிக்கும் வேலையில் நான் எத்தனையோ அறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் அறிஞர்களும் உண்டு. "எனக்கு இதுவரைக்கும்தான் தெரியும், இதற்கு மேல் தெரியாது" என்று கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறவர் எத்தனை பேர்? நான் பார்த்தவர் ஒருவர்தான். அவரைத்தான் மார்கழி முதல் வாரத்தில் இழந்தோம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேப்பந்தாங்கலில் மேற்கு வரிசையில் ஆறு கிணறுகள் இருக்கின்றன. கிழக்கே இருப்பவை பங்குனியிலேயே சேற்றைக் காட்டும். இந்த ஆறும் வைகாசி வெயிலிலும் மோட்டார் ஓட்டத் தண்ணீர் கொடுக்கும். ஏன்? ஊர் சொன்ன பதில், ஏரி ஊற்று. தாங்கல் என்றாலே ஏரிதானே, ஊரின் பெயரிலேயே அது இருக்கிறதே! ஆனால் ஒரு கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தது. மாடு கட்டலாம் என்ற நிலை. அப்போதும் ஆறு கிணறுகளிலும் தண்ணீர் நின்றது. அம்மையார் அதைப் பார்த்தார். மேலே மலைச்சரிவில் ஓர் ஓடை பாறை இடுக்கில் விழுந்து காணாமல் போகிறது. மலைமக்கள் அந்த இடத்தை நீர்முழுங்கி என்பார்கள். அங்கே விழுங்கப்படும் மழைநீர்தான் பாறை வெடிப்பு வழியாகக் கீழே நடந்து ஆறு கிணறுகளுக்கும் வருகிறது என்று அம்மையார் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்.

கவனியுங்கள், முன்வைத்தார். அதற்கு எதிர்ப்பேச்சு இருந்ததையும் அவரே சொன்னார். கருங்கல் பாறைக்குள் தண்ணீர் இவ்வளவு தூரம் நடக்குமா? ஏரி வற்றினாலும், ஏரிக்கு அடியில் இருக்கும் மக்கிய பாறை குடித்துவைத்த நீர் மெல்ல மெல்ல ஊறலாம் இல்லையா? "ரெண்டும் நடக்கக் கூடியதுதாங்க, எது நடக்குதுன்னுதான் தெரியல" என்பார்.

இந்தக் கோட்பாடு அவருடைய மேசையிலேயே இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் சென்ற மாசியில், நீர்முழுங்கி இருக்கும் அதே சரிவில் கல் குவாரி அமைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. கோட்பாடு சரியென்றால் அங்கே வெடிவைத்தால் ஆறு கிணறுகளின் கழுத்தும் நெரிக்கப்படும். கோட்பாடு தவறென்றால் கிணறுகளுக்கும் குவாரிக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு குடும்பங்களின் வாழ்வும், அவர்களிடம் கூலிக்கு நடவு நடுகிறவர்களின் வாழ்வும் ஒரு பேராசிரியரின் ஊகத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவசரம் இருக்கத்தானே செய்யும்? ஊர் மக்கள் தாங்களே சோதித்துவிட முடிவு செய்தார்கள். ஒரு கோடை மழைக்குப் பிறகு ஓடையில் நீர் ஓடியது. முதல் கிணற்றின் உரிமையாளர் ராஜாங்கம் இரண்டு மூட்டை மஞ்சள் தூளை மேலே ஏற்றிக்கொண்டு போய் நீர்முழுங்கியில் கொட்டினார். கிணற்றில் மஞ்சள் வந்தால் மலைத் தண்ணீர்தான் வருகிறது என்று அர்த்தம். நல்ல யோசனை. அம்மையாரிடம் மட்டும் சொல்லவில்லை.

வாரம் திரும்பவில்லை. அம்மையாருக்குத் தொலைபேசி வந்தது. "மேடம், மஞ்சா வந்துடுச்சி! எங்கெணத்துல மஞ்சா வந்துடுச்சிங்க! மேளத்துக்குச் சொல்லியாச்சு. நீங்க வந்தா போதும்!"

அம்மையார் என்னையும் அழைத்துக்கொண்டு வந்தார். கிணற்றுமேட்டில் ஊரே நின்றது. எட்டிப் பார்த்தோம்; மஞ்சள்தான், சந்தேகமில்லை. ஒரு காணொளிச் சேனல்காரர், "மலையின் மஞ்சள் கிணற்றில் பொங்கியது" என்று அதற்குள் போட்டுவிட்டிருந்தார். மேளம் அடிக்கக் கை ஓங்கிய நேரம். அம்மையார் வரப்பில் இறங்கிக் கிழக்கே நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது. கிழக்கு வரிசைக் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அதுவும் மஞ்சளாகவே இருந்தது. மேற்குக் கிணற்றைவிடக் கெட்டியான மஞ்சள்.

"ராஜாங்கம் அண்ணே, இதுக்கும் மலையிலேருந்துதான் தண்ணி வருதா?"

"இதுக்கு எப்படிங்க வரும்? இது பங்குனியிலயே காஞ்சுபோறதாச்சே."

"அப்ப இந்த மஞ்சா எங்கேருந்து வந்துச்சு?"

ராஜாங்கத்தின் பக்கத்துக் கிணற்றுக்காரர் ஜெயம்மாள் அம்மாதான் முதலில் சிரித்தார். "நேத்து மாரியாத்தாவுக்கு மஞ்ச தண்ணி ஊத்தினாங்க டீச்சரம்மா! மாமன் மச்சான் மொற இருக்கிறவன் ஒருத்தனும் காஞ்ச துணியோட வூடு போகல. அத்தன பேரும் இந்தக் கெணத்து மேட்டுலயும் ராஜாங்கம் கெணத்து மேட்டுலயுந்தான் குளிச்சான், அண்டா கழுவுனான். மறந்தே பூட்டோம் பாரு!"

திருவிழாவின் கடைசி நாளில் மஞ்சள் நீராடும் ஊர், அதே வாரத்தில் மஞ்சளைக் கொட்டிச் சோதனை நடத்தியது! நாம் எல்லோரும் சிரிக்கலாம். அம்மையாரும் சிரித்தார். ஆனால் ராஜாங்கம் சிரிக்கவில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை. "அது பாதி இருக்கட்டும் மேடம். மலை மஞ்சாவும் கொஞ்சம் கலந்திருக்கும்ல?" என்றார்.

"சரிண்ணே. மஞ்சா வரவே இல்லேன்னு வெச்சுக்குவோம். தோத்துட்டோம்னு ஒத்துக்கினு இருப்பீங்களா?"

"அதெப்படிங்க? இன்னும் வந்துக்கினு இருக்குதுன்னு சொல்லியிருப்போம்."

"அப்படின்னா நீங்க தண்ணிகிட்ட கேள்வியே கேக்கலண்ணே. பதில இங்கேருந்தே எடுத்துக்கினு மலை ஏறுனீங்க."

அறிவியல் எது, அறிவியல் அல்லாதது எது என்று பெரிய அரங்குகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிணற்றுமேட்டில் கேட்டதைவிடத் தெளிவாக எங்கும் கேட்டதில்லை. வந்தாலும் வெற்றி, வராவிட்டாலும் வெற்றி என்றால், அங்கே சோதனை நடக்கவில்லை. தனக்கு ஆதரவான மஞ்சளையே வேண்டாம் என்று சொன்னார் அம்மையார். அந்தச் சேனல்காரரை அன்று மாலையே அழைத்துப் பேசி, காணொளியை நீக்க வைத்தார்.

ஆடியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதற்கும் நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். நிறுவனத்தின் தரப்பில் ஒரு நிலவியல் ஆலோசகர் வந்திருந்தார். மரியாதையான மனிதர். அவர் எழுந்து கேட்டார்: "அம்மா, உங்க கோட்பாடு சோதிக்கப்பட்டதுங்களா?"

"இல்லைங்க."

"சோதிக்காதது அறிவியல் ஆகாதே? ஊகம்தானே?"

"ஊகம்தாங்க."

இந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மையார் தொடர்ந்தார்.

"சோதிக்காத ஊகம்தான். ஆனா எப்படிச் சோதிக்கணும், எந்தப் பதில் வந்தா நான் தோத்தேன்னு அர்த்தம், ரெண்டையும் தலைமை தாங்குற அய்யாகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். உங்க அறிக்கையில 'நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இராது'ன்னு ஒரு வரி இருக்குதுங்க. அது சோதிச்சதுங்களா?"

ஆலோசகர் பக்கங்களைப் புரட்டினார். "அது வழக்கமான மதிப்பீடுங்க."

"சரிங்க. எந்தப் பதில் வந்தா அந்த வரிய அடிப்பீங்க?"

ஆலோசகர் அறிக்கையை மூடிவைத்தார். கூட்டம் முடிந்த பிறகு அவரே வந்து, "நியாயமான கேள்வி கேட்டீங்கம்மா" என்றார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன். தலைமை தாங்கிய அதிகாரி, அம்மையார் சொன்ன சோதனையின் முடிவு வரும்வரை கூட்டத்தை ஒத்திவைத்தார். குவாரி வேலை இன்றுவரை தொடங்காததற்குக் காரணம் அந்த ஒத்திவைப்புதான்.

யோசித்துப் பாருங்கள். நிரூபித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் இந்த அவகாசம் கிடைத்திருக்குமா? "எந்த ஆய்வகம்? எந்தத் தேதி?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அத்தோடு முடிந்திருக்கும். இல்லை என்று சொன்ன அந்த ஒரு சொல்தான் ஆறு கிணறுகளுக்கும் இந்த அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது.

ஆனால் அன்று அது யாருக்கும் புரியவில்லை. வெளியே டீக்கடையில் ஜெயம்மாள் அம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏன் டீச்சரம்மா, எங்ககூட உக்காந்துக்கினு, எதிராளி கேட்டதும் ஊகம்தான்றியே! நிரூபிச்சாச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"கொறஞ்சு போக மாட்டேன் ஜெயம்மா. மாட்டிக்குவேன்."

"அப்ப இத்தினி நாளு நீ சொன்னதெல்லாம் இன்னா, கதையா?"

"உங்க வூட்டுல நாத்தங்கால் விட்டிருக்கீங்களே, அது வெவசாயமா இல்லையா?"

"இது இன்னா கேள்வி? வெவசாயந்தான்."

"அந்த நாத்தப் புடுங்கினு போயி மண்டியில போட்டு நெல்லுன்னு வில கேப்பியா?"

"கேட்டா செருப்பால அடிப்பான்."

"அதத்தான் நானும் சொன்னேன். நாத்து நெல்லு இல்ல. ஆனா நாத்து விடாதவன் அறுக்கப் போறதும் இல்ல."

ஜெயம்மாள் அம்மா டீயைக் குடித்து முடித்து, "பேச்சுல உன்ன அடிச்சுக்க முடியாது, தண்ணிய காட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பர்களே, சோதிக்கப்படாத கோட்பாடு அறிவியலா என்ற கேள்விக்கு அவர் வாழ்ந்து காட்டிய பதில் இதுதான். பிரபஞ்சத்தில் ஈர்ப்பலைகள் உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதைக் கருவியில் பிடிக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறு ஆண்டுகளும் அது அறிவியல் இல்லையா? அறிவியல்தான். ஏனென்றால் என்ன பார்த்தால் சரி, என்ன பார்த்தால் தவறு என்று அது முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்த நாளுக்காக மனிதர்கள் கருவி செய்துகொண்டிருந்தார்கள். அதே நேரத்தில், அந்த நூறு ஆண்டுகளில் ஒருநாள்கூட அதை நிரூபணமான உண்மை என்று சொல்லியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் நேர்மை.

சரி, எப்படிச் சோதிப்பது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாத கோட்பாடுகளும் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். உலகத்தின் பெரிய விஞ்ஞானிகளே இதில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். அம்மையார் சொன்னார்: "தொரத்த மாட்டேன் சார். டோக்கன் குடுத்து வெளியில உக்கார வைப்பேன். மார்க்கு மட்டும் போட மாட்டேன்." அவரோடு இந்த இடத்தில் நான் முழுதும் உடன்பட்டதில்லை. சிலவற்றைத் துரத்தத்தான் வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அந்த விவாதம் எங்களுக்குள் முடியாமலே போய்விட்டது.

சோதனை என்னவென்று சொல்கிறேன். மலை உயரத்தில் பெய்யும் மழைநீர், சமவெளியில் பெய்யும் மழைநீரைவிட மிக மிகச் சிறிதளவு இலேசானது. ஏரியில் நின்று வெயிலில் காய்ந்த நீர் சற்றே கனமானது. கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. ஆய்வகக் கருவிக்குத் தெரியும். கிணற்று நீர் எதைப் போல இருக்கிறது என்று பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

மாதிரி எடுப்பதற்கு முன் அம்மையார் ஊரைக் கூட்டினார். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயில் முன்னால். மஞ்சள் கதை மறுபடி நடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். எந்தப் பதில் வந்தால் என்ன அர்த்தம் என்பதை, பதில் வருவதற்கு முன்பே ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். வந்த பிறகு பேச்சு மாறக் கூடாது. எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று, சோதனையில் அவருக்குத் துணையாக இருந்த தேவிப்ரியா சொன்னார். அம்மையார் வேண்டாம் என்றார். இந்தப் பக்கத்தில் எது கையெழுத்தைவிடக் கெட்டி என்று அவருக்குத் தெரியும். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டு ஒன்றை அவர் கையில் எடுத்துக்கொண்டார். கிணற்றுக்காரர்கள் சார்பில் ராஜாங்கம் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார்.

ஜெயம்மாள் அம்மா விடுவாரா? "இன்னா டீச்சரம்மா, தண்ணிக்கு நிச்சயதார்த்தமா? மாப்ள யாரு? மலையா, ஏரியா?"

"அது தெரியாமத்தான் ஜெயம்மா தட்டு மாத்துறோம்."

கோயில் வாசலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அம்மையார் உரக்கச் சொன்னார், ஊர் கேட்டது. கிணற்று நீர் மலை மழையைப் போல இலேசாக இருந்தால் கோட்பாடு நிற்கும். ஏரி நீரைப் போலக் கனமாக இருந்தால் கோட்பாடு விழுந்தது. மலைத் தண்ணீர் என்ற பேச்சைக் கேட்புக் கூட்டத்தில் நாமே திரும்பப் பெற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தெரியாது என்று அர்த்தம். இன்னொரு பருவம் சோதிக்க வேண்டும்.

"அந்த மூணாவது நல்லாருக்குதே. அதுலயே இருந்துக்கலாமே?" என்றார் ராஜாங்கம்.

"ஒரு வருசத்துக்குத்தாண்ணே."

தட்டு மாறியது. சோதிக்கப்படாத ஒரு கோட்பாடு, தான் தோற்கக்கூடிய இடத்தைச் சாமி முன்னால் சொல்லித் தாம்பூலம் மாற்றிக்கொண்டது. இப்படி ஒன்று வேறு எங்காவது நடந்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை அம்மையார் செய்த வேலையை நான் வருணிக்கப் போவதில்லை. இங்கே இருக்கும் பலர் கண்ணால் பார்த்தீர்கள். மலைமேல் செவ்வந்தி அம்மா வீட்டு முற்றத்தில் மழைநீர் பிடிக்கப் புனல் வைத்த குடுவை. வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்க அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். முதல் குடுவையை ஆடு முட்டிக் கவிழ்த்துவிட்டது. செவ்வந்தி அம்மா சங்கடப்பட்டு, ஓடையிலும் மழைத் தண்ணீர்தானே ஓடுகிறது, அதில் பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார். ஓடையில் வேறு நீரும் கலந்திருக்கும், வேண்டாம் என்று அம்மையார் சொல்லி, அடுத்த மழைக்குக் காத்திருந்து, மறுபடி மலை ஏறினார். கிணற்று மாதிரிப் புட்டியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்வார். இதயத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மூச்சு வாங்கும், வரப்பிலேயே உட்கார்ந்துகொள்வார். எழுந்ததும், "அடுத்த கெணறு" என்பார்.

கடைசிப் புட்டி முத்திரையிடப்பட்ட பிறகு மருத்துவர் சொன்னபடி வீட்டில் ஓய்வெடுத்தார். மார்கழி முதல் வாரத்தில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. புட்டிகளைத் தேவிப்ரியாவே பேருந்திலும் ரயிலிலும் எடுத்துச் சென்று ஆய்வகத்தில் ஒப்படைத்தார்.

முடிவைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று வருந்துகிறோம். வருத்தம்தான். ஆனால் அவர் வேலை அரைகுறையாக நிற்கவில்லை. கேள்வியைக் கேட்டார்; பதில் சொல்லும் உரிமையைத் தண்ணீரிடம் விட்டார். விஞ்ஞானியின் பங்கு அதுவரைக்கும்தான். மிச்சம் யாருடையது? நம்முடையது!

அந்த மிச்சத்துக்கு இப்போது வருகிறேன். இந்தக் கூட்டத்தில் நிறைவேற்ற ஒரு தீர்மானம் தயாராக இருந்தது. அதில், "மலைநீர்க் கோட்பாட்டை நிரூபித்த பேராசிரியர் அம்சவள்ளி அம்மையாரின் கண்டுபிடிப்பின்படி, குவாரிக்கு அனுமதி மறுக்க வேண்டும்" என்று இருந்தது. வாசலில் கட்டியிருக்கும் பதாகையிலும் "நிரூபித்த" என்றே இருக்கிறது. எழுதியவர்கள் அன்பினால் எழுதினார்கள். அதில் சந்தேகமில்லை.

கூட்டம் தொடங்குமுன் இதைப் பற்றி வாசலில் பேச்சு வந்தது. ராஜாங்கம் என்னிடம் சொன்னார்: "சார், அந்த ஒரு வார்த்த இருந்துட்டு போவட்டுமே. எடுத்தா இன்னா ஆவும் தெரியும்ல? தீர்மானத்துல பலமே இருக்காது. எங்கெணறு போயிடும் சார். மேடம் இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாங்க, சரி. இப்ப கேக்கவா போறாங்க?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ஜெயம்மாள் அம்மா குறுக்கே வந்தார். அந்த அம்மாவின் கிணறும் அதே வரிசையில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

"கேக்க மாட்டாங்கன்னு தைரியம் வந்துடுச்சா உனக்கு? தட்டு மாத்துனது டீச்சரம்மாகூட மட்டுமா? ஆத்தா வாசல்ல மாத்துனோம்டா."

"தோத்துட்டா இன்னாக்கா பண்றது?"

"தோத்தா தோத்தோம். நீ நிரூபிச்சாச்சுன்னு பேனர்ல எழுதிட்டா தண்ணி ஊறிடுமா? டவுனு ஆபீசரு நாளைக்கு முடிவு எங்கன்னு கேட்டா, இந்தப் பேனரத் தூக்கிக் காட்டுவியா? அந்தம்மா மஞ்சாவே வேணாம்னு சொன்ன மனுசிடா. அந்தம்மாவப் பொய்க்காரின்னு ஊரு சொல்ற மாதிரி நீ பண்ணிடாத."

ராஜாங்கம் என் கையிலிருந்த தீர்மானத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எதுன்னா மாத்தணும்னா மாத்திக்குங்க சார். ஆனா நாந்தான் முன்மொழிவேன்" என்றார்.

அவைத் தலைவர் ஒப்புதலோடு திருத்திய தீர்மானத்தை வாசிக்கிறேன்.

"பேராசிரியர் அம்சவள்ளி அம்மையார் முன்வைத்த மலைநீர்க் கோட்பாடு இன்றைய நாள்வரை சோதனையில் இருக்கிறது. அது சரியா, தவறா என்பது இந்த ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அம்மையார் அமைத்துக் கொடுத்திருக்கிறார். குவாரியால் நீருக்குப் பாதிப்பு இராது என்ற கூற்றும் சோதிக்கப்படாததே. ஆகவே சோதனை முடிவு வரும்வரை அனுமதி வழங்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். முடிவு எதுவாயினும் ஆவணியில் தாம்பூலம் மாற்றியபடி நடப்போம் என்று உறுதி கூறுகிறோம்."

இந்தத் தீர்மானத்தில் பலம் இல்லையா? இருக்கிறது. இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் யார் எங்கே கேட்டாலும் நின்று பதில் சொல்ல முடியும். முடிவு நமக்கு எதிராக வந்தால் நீர் பற்றிய வாதத்தை விட்டுவிடுவோம். வெடிச் சத்தம், தூசு, மலைப்பாதை பற்றிய வாதங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாகப் போராடுவோம். ஒரு வாதம் விழுந்ததென்று இன்னொன்றைப் பொய்யால் முட்டுக்கொடுக்க மாட்டோம்.

பேராசிரியர் அம்சவள்ளி அம்மையார் பெயரால் நான் கேட்பது இதுதான். வாசல் பதாகையில் இருக்கும் அந்த ஒரு சொல்லைக் கூட்டம் முடிந்ததும் மறைத்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியிலிருந்து, முடிவு எதுவானாலும், மலைமேலும் ஊரிலும் மழைநீர் பிடிக்கும் குடுவைகளை ஆண்டுதோறும் வைப்போம். செவ்வந்தி அம்மா மேலே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆட்டைக் கட்டிவைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். தேவிப்ரியா ஆய்வகப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். நாமெல்லோரும் அவர்களுக்குத் துணை நிற்போம் என்று இந்தப் படத்தின் முன் உறுதி எடுத்துக்கொள்வோம்.

இனி நிலுவையில் இருப்பவை. ஆய்வு முடிவு மாசி இரண்டாவது வாரத்தில் வரலாம் என்று ஆய்வகம் சொல்லியிருக்கிறது; அது உத்தேசம், தாமதமாகலாம். ஒத்திவைத்த கேட்புக் கூட்டம் பங்குனியில் நடக்கும் என்று அதிகாரி அலுவலகம் வாய்மொழியாகத் தெரிவித்திருக்கிறது. எழுத்துப்பூர்வ அறிவிப்பு இன்னும் வரவில்லை. ஆய்வு முடிவு கைக்குக் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில் ஊர் கூடும். அன்றுவரை உறையைப் பிரிப்பதில்லை என்று தேவிப்ரியா ஒப்புக்கொண்டிருக்கிறார். இலேசு, கனம், நடு, இவற்றில் எது வந்திருந்தாலும் அதை ஊருக்கு உரக்க வாசிக்கப் போகிறவர் ராஜாங்கம். தானே வாசிப்பதாகச் சற்றுமுன் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.